ஐந்து பெயர்களும் இன்னொருவரும்

"இந்த வருடத்திலும் யாராவது இதைக் கேட்கிறீர்களா?" என்று பழைய பாட்டு வீடியோக்களின் கீழே அமெரிக்கர்கள் எழுதுவார்கள். அது உண்மையில் ஒரு கேள்வியே அல்ல, சும்மா எழுதுவது. ஆனால் அதை வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், "யெஸ். பிரசன்ட். வென்ட்வேர்த்வில், சிட்னி" என்று பதில் எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டதும் கையை உயர்த்துகிற பிள்ளையைப் போல ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதினார். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா என்பார்.

அவரும் நானும் பதினொரு வருடம் ஒரே ஆஸ்பத்திரி லோன்றியில், துணி துவைக்கிற பகுதியில், வேலை செய்தோம். நான் அவருக்குப் பக்கத்து ஊரான மெரிலேண்ட்ஸில் இருந்தேன். அவர் விடிய ஐந்தரைக்கு என் வாசலுக்கு வந்து ஹோர்ன் அடிக்காமல் காத்திருப்பார். நான் ஏறியதும் கார் புறப்படும், பாட்டும் புறப்படும். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் அமெரிக்காவில் வந்த ஃபங்க், டிஸ்கோ. அந்த நேரத்தில் மனிசருக்கு ஒரு முருகன் பாட்டுக் கேட்டால் மனம் ஆறும். ஆறு மணிக்கு முதலே ஒரு கறுப்பினத்துப் பெண் இடுப்பை அசைக்கச் சொல்லிக் கத்தினால் என்ன செய்வது? என் இடுப்பு ஏற்கனவே தேய்ந்துபோய் மருந்து பூசிய இடுப்பு.

ஒரு நாள் வீட்டில் என் மனுசனோடு சண்டை. காரில் ஏறியதும், "இண்டைக்கு ஒண்டும் கதைக்காதேங்கோ அண்ணை" என்றேன். அவர் கதைக்கவில்லை. பாட்டையும் நிறுத்திவிட்டார். அடுத்த நாளும் கதைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல், "என்ன அண்ணை, கோவமே?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கோவம் தங்கச்சி. நீங்கள் கதைக்க வேண்டாமெண்டு சொன்னியள். திரும்பக் கதையுங்கோ எண்டு சொல்லேல்லையே."

"அது ஒரு நாளைக்குச் சொன்னது."

"சரி, இப்ப சொல்லிப்போட்டியள்," என்று சொல்லி உடனே பாட்டைப் போட்டார். அவர் அப்படித்தான். ஒருவர் ஒன்றைக் கேட்டால், கேட்டதைக் கேட்டபடி கொடுப்பார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், கேட்டவர் மனம் மாறியிருக்கும் என்று தானாக நினைத்துக்கொள்ளவும் மாட்டார். லோன்றியில் மேலாளர்மாருக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். கூடவே வேலை செய்கிறவர்களுக்குத்தான் சில நேரம் விசர் பிடிக்கும்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் விளங்கியது. ஊரில், கொக்குவிலில், இளவயதில் அவர்கள் ஏழு பேர் சிநேகிதர். அதில் ஒருவருடைய வீட்டில் நல்ல றேடியோ இருந்தது, அவருக்குக் கையெழுத்தும் நல்லது. ஞாயிறு பின்னேரம் வானொலியின் ஆங்கில சேவையில் நேயர் விருப்பம் போகும். ஏழு பேரும் காசு போட்டுத் தபாலட்டை வாங்கி, அந்தக் கையெழுத்தில் பாட்டைக் கேட்டு எழுதுவார்கள். அட்டையில் ஆறு பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் இவர் தன் பெயரை எழுத விடாமல் "அன்ட் செல்ஃப்", அதாவது நானும், என்று போடச் சொல்வாராம். அறிவிப்பாளர் ஆறு பெயரையும் வாசித்து, "அன்ட் செல்ஃப், ஹூஎவர் தட் இஸ்" என்று, அது யாரோ என்பதுபோலச் சிரித்துவிட்டு, கேட்ட பாட்டைக் கேட்டபடி போடுவாராம். அந்தப் பாட்டுக்கு ஆடுகிறவர்கள் யார், பாடுகிறவர்கள் என்ன நிறம், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. ஃபங்க் வேறு டிஸ்கோ வேறு என்பதும் தெரியாது. அவர்களுக்கு எல்லாம் இங்கிலிஷ் பாட்டு.

பிறகு படித்துக்கொண்டார். ஒரு நாள் நான் கேட்டதற்கு லோன்றியையே காட்டி விளங்கப்படுத்தினார்.

"டிஸ்கோ எண்டால் அந்த இஸ்திரி மெசின் மாதிரி. டொக் டொக் டொக் டொக், ஒரே சீர், ஒண்டுக்கும் கவலையில்லை. ஃபங்க் எண்டால் எங்கடை மூண்டாம் நம்பர் வோஷிங் மெசின். முதல் அடியை ஓங்கி அடிச்சுப்போட்டு மிச்சத்துக்கு நொண்டிக்கொண்டு போகும். ஆனால் திரும்ப முதல் அடிக்குச் சரியா வந்து நிக்கும், கவனிச்சுப் பாருங்கோ."

கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் மெசினுக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு எரிச்சலாக வரும்.

இணையம் கைக்கு வந்த பிறகு, அந்தப் பாட்டுகள் எல்லாம் திரும்பக் கிடைத்தன. ஒவ்வொன்றின் கீழேயும் அமெரிக்கர்கள் எழுதியிருந்ததைப் பார்த்து, இதுவும் ஒரு நேயர் விருப்பம் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். ஆகவே பழைய தபாலட்டையில் எழுதியதுபோலவே எழுதினார். "விரும்பிக் கேட்பவர்கள், கொக்குவிலைச் சேர்ந்த ரவி, தேவன், சின்ன ரவி, யோகன், குகன்," பிறகு வீட்டில் றேடியோ இருந்த அந்த றேடியோக்காரரின் பெயர், கடைசியில் "அன்ட் செல்ஃப்." ஆங்கிலத்தில்தான் எழுதுவார். வேறு ஒரு சொல் இராது. பாட்டு நல்லது, கெட்டது என்றுகூட எழுத மாட்டார்.

அமெரிக்கர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளம்பரமாக இருக்கும் என்று சிலர் ஏசினார்கள். ஒருவர், இறந்துபோன இசைக்காரர்களின் பட்டியலாக்கும் என்று நினைத்து, ஏழு பேரின் ஆத்மாவும் சாந்தியடையட்டும் என்று எழுதிவிட்டார். செல்ஃபின் ஆத்மாவும் சேர்த்து. "நாங்கள் அஞ்சு பேர் இன்னும் உயிரோடை இருக்கிறம், தாங்க் யூ" என்று இவர் பதில் எழுதினார். இருவர் அப்போதே இல்லை. சின்ன ரவி சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து போனவர், யோகன் நெஞ்சுவலியில் போனவர். அவர்களின் பெயரையும் வரிசை மாறாமல் எழுதினார். கேட்டவர்கள் கேட்டவர்கள்தானே என்பார்.

தேத்தண்ணி நேரத்தில் அமெரிக்கர்கள் எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். கேட்கக் கேட்க எனக்கும் அவர்கள் பழகிவிட்டார்கள். ஒரு கூட்டம், "இது டிஸ்கோ இல்லை, ஃபங்க், அவமானப்படுத்தாதே" என்று சண்டை பிடிக்கும். இன்னொரு கூட்டம் இளசுகள், ஏதோ புதுப்பாட்டில் இதிலிருந்து வெட்டி எடுத்த துண்டைக் கேட்டுவிட்டு மூலத்தைத் தேடி வந்தவர்கள். கிழடுகள் அவர்களைப் பார்த்து, "வந்தீர்களே, இருங்கள்" என்பதுபோல எழுதும். ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். பள்ளிக்கூடக் காலத்தில் டிஸ்கோ என்றால் கேவலம் என்று எல்லாரும் சொன்னதால், அக்காவின் இசைத்தட்டை எடுத்துப்போய் நண்பர்களோடு றோட்டில் போட்டு உடைத்தாராம். இப்போது அக்கா இல்லை. வயது போன நேரத்தில் தனிய இருந்து இதைக் கேட்கிறாராம்.

"பாருங்கோ தங்கச்சி," என்றார் இவர். "முதல் இதைக் கேக்க வெக்கப்பட்டவை. இப்ப வெக்கப்பட்டதுக்கு வெக்கப்படுகினம். எங்களுக்கு அந்தக் கரைச்சல் ஒண்டும் இருக்கேல்லை. கேட்டம், அவ்வளவுதான்."

அந்த மனிதருக்கு, "உங்கள் அக்காவின் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதினார். பதில் வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெயரையும் சேர்த்து வாசித்துப் பாட்டைப் போட்டார். வாசிப்பதென்றால் உண்மையாகவே வாய்விட்டு வாசிப்பது. அவர் கலியாணம் கட்டாதவர், வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பின்னால் ஓர் அறை யூனிட்டில் இருந்தார். ஒரு ஞாயிறு கடையில் வடை வாங்கிக்கொண்டு போனபோது நானே பார்த்தேன். அயன் பண்ணிய சேட்டுப் போட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, நாலு மணிக்குப் பெயர்களை வாசித்தார். பிறகு பாட்டு, தபாலட்டையில் அவர்கள் அதிகம் கேட்டு எழுதிய அதே பாட்டு. ஏழு நிமிசம், கால் விரல்கூட அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்கு ஆடத்தானே வேணும் அண்ணை? இப்பிடிக் கச்சேரி கேக்கிற மாதிரி இருக்கிறியள்."

"ஆடுறதுக்கு அங்கை கோடிக்கணக்கில ஆக்கள் இருக்கினம். பேர் வாசிக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

அவருக்கு அந்த அமெரிக்கர்களுக்குள் நெருக்கமானவர் என்று ஒரு பெண் இருந்தார். ஒகையோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கறுப்பினத்துப் பெண்மணி. இவர் "பஸ் அக்கா" என்பார். சனிக்கிழமை காலையில் தாய் இந்தப் பாட்டை உரக்கப் போட்டால், எழும்பு, தரையைத் துடை, வீடு மினுங்கும் வரைக்கும் வாசலைத் தாண்டாதே என்று அர்த்தமாம். கறுப்பினத்து வீடுகள் பலவற்றில் அப்படித்தானாம், அதன் கீழே நூறு பேர் தங்கள் வீட்டிலும் அப்படியென்று எழுதியிருந்தார்கள். "எங்கடை வீட்டிலை சனி முழுக்கு மாதிரி," என்று இவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அந்த அக்கா மட்டும் ஒருநாளும் இவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பட்டியல் வந்தால், "குட் ஆப்டர்நூன், ஜென்டில்மென்" என்று ஏழு பேருக்கும் சேர்த்து வணக்கம் சொல்வார். அங்கே அது நடுச்சாமமாக இருக்கும்.

இனி அந்த றேடியோக்காரருக்கு வருகிறேன். அவர் மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் பெரிய வீடு, எஞ்சினியர் வேலை, கோயில் நிர்வாகம் என்று நன்றாக இருந்தார். இவர் லோன்றியில் இருந்தார். அதனால் அவர்களுக்குள் ஒன்றும் குறையவில்லை, ஞாயிறு தவறாமல் போனில் கதைப்பார்கள். அவருடைய மகளின் கலியாணத்துக்கு இவர் புதுக் கோட் தைத்துக்கொண்டு போனார்.

விருந்து மண்டபத்தில் அந்தப் பழைய பாட்டைப் போடச் சொல்லி ஒழுங்கு பண்ணியதே றேடியோக்காரர்தான். மைக்கை இவர் கையில் கொடுத்து, "மச்சான், பழையபடி ஒருக்கா வாசியடா" என்றாராம். இவர் பழையபடி வாசித்தார். ஆறு பெயரையும் வாசித்தார். சின்ன ரவியின் தங்கை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாகி அதே மண்டபத்தில் இருந்தது இவருக்குத் தெரியாது. முப்பது வருடமாக யாரும் உரக்கச் சொல்லாத அண்ணனின் பெயரை மைக்கில் கேட்டதும் அந்தப் பெண் கதறிவிட்டாள். மணமக்கள் கேக் வெட்டுவதற்கு நிற்கிறார்கள், நடு மண்டபத்தில் ஒப்பாரி. சம்பந்தி வீட்டார் எழும்பிவிட்டார்கள். செத்தவர்களின் பெயரைக் கலியாண வீட்டில் வாசித்தவன் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து றேடியோக்காரர் சொன்னார். "இனி என்ரை பேரை நீ ஒரு இடத்திலையும் சொல்லக் கூடாது."

இவர் அதை எனக்குச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதற்குப் பிறகு இவர் வாயால் அந்தப் பெயர் வந்து நான் கேட்கவில்லை. இங்கே அதை நானும் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுப் போன் நின்றது. பாட்டுகளின் கீழே பட்டியல் ஐந்து பெயராக வந்து, பிறகு "மற்றும் இன்னொருவர், அன்ட் செல்ஃப்" என்று முடிந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது பஸ் அக்கா. "முன்பு ஆறு பெயர் இருந்தன. யாரை இழந்தீர்கள்?" என்று எழுதினார்.

இவர் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தார். "அவர் உயிரோடு இருக்கிறார். தன் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டிருக்கிறார்."

அதன் கீழே அமெரிக்கர்கள் கூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள். போன் எடுங்கள் என்றார்கள். என் தம்பியோடு நான் இப்படித்தான் இருந்தேன், பிந்திவிட்டது என்றார் ஒருவர். இசைத்தட்டு உடைத்த மனிதர், "சேர், தயவுசெய்து" என்று மட்டும் எழுதினார். இவர் எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினார். போன் எடுக்கவில்லை. "அவையள் நல்ல ஆக்கள்," என்றார் என்னிடம். "ஆனால் கேட்டது அவையள் இல்லையே."

அப்படியே எட்டு வருடம் போனது.

குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது கடைசிக் கட்டம். ஒரு மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். நாங்கள் துவைத்த கட்டில் சீற்றில்தான் படுத்திருந்தார், மடிப்புச் சரியில்லை என்று குறை சொன்னார். நான் வேலை முடிய அந்த வழியால் போய்ப் பார்த்துவிட்டு பஸ் எடுப்பேன். ஒரு பின்னேரம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் தந்தார். யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விபரம். ரொறொன்ரோவில் ரவி, லண்டனில் தேவன், கொக்குவிலில் குகன், பேர்த்தில் ஒரு பெறாமகன், கூடப்பிறந்தவரின் பிள்ளை. பிறகு, அந்தப் பாட்டின் கீழே அமெரிக்கர்களுக்கு ஒரு வரி. எழுத வேண்டிய வரியையும் எழுதியே வைத்திருந்தார்.

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மெல்பேர்னுக்கு?" என்றேன்.

"அவர் கேட்டதுக்கு மேலாலை நாங்கள் செய்யேலாது தங்கச்சி."

நான் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அடுத்த கிழமை அவர் போய்விட்டார். துண்டில் இருந்தபடி எல்லாருக்கும் சொன்னேன். செத்தவீட்டுக்கு லோன்றியில் இருந்து பதினாலு பேர் வந்தார்கள், அவருக்கு அது பெரிய கூட்டம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, அமெரிக்கர்களுக்கான வரியைப் போட்டேன். செல்ஃப் காலமானார், இதுவரை வாசித்தவர்களுக்கு நன்றி என்று. இரண்டு நாளில் எழுநூறு பேர் வந்து எழுதினார்கள். அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. "குட் ஆப்டர்நூன், செல்ஃப்" என்று பஸ் அக்கா எழுதியிருந்ததைப் பார்த்து, நான் குசினியில் நின்று அழுதேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மூன்றாம் கிழமை ஒரு போன் வந்தது. வென்ட்வேர்த்வில் கடையில் விசாரித்து என் நம்பரை எடுத்ததாகச் சொன்னார். மெதுவான, படித்த குரல்.

"நீங்கள்தானே பிள்ளை அந்தப் பாட்டுக்குக் கீழை எழுதினது?"

"ஓம்."

"நான் கிளென் வேவர்லியிலை இருந்து கதைக்கிறன். எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

 உள்ளதைச் சொன்னேன். "உங்கடை பேரைச் சொல்ல வேண்டாமெண்டு நீங்கள் கேட்டிருந்தியளாம், அண்ணை."



"அது கலியாண வீட்டுக் கோவம் பிள்ளை," என்றார். "மகளுக்கே அது மறந்துபோச்சு. நான் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திறந்து பாக்கிறனான். இன்னொருவர் எண்டு எழுதியிருப்பான். அதைப் பாத்திட்டு மூடுவன். அந்த அமெரிக்காக்காரர் எழுதினது எல்லாம் வாசிச்சிருக்கிறன். இண்டைக்கு எடுப்பான், நாளைக்கு எடுப்பான் எண்டு இருந்தனான்."

"நீங்கள் எடுத்திருக்கலாமே அண்ணை."

"அவன் எடுப்பான் எண்டுதான் இருந்தனான்," என்று திரும்பவும் அதையே சொன்னார். பிறகு அழுதார். வயது போன ஆம்பிளை போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பது லேசில்லை. நான் வைக்கவில்லை, இருந்தேன்.

அவரைச் சமாதானப்படுத்தினேன், உங்களில் பிழையில்லை என்றேன். அது பொய் இல்லை. இரண்டு பேரையும் விட எனக்குத்தான் விசயம் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணை, எனக்காக அவருக்கு ஒருக்கா எடுங்கோ" என்று நான் கேட்டிருந்தால், அவர் அப்போதே எடுத்திருப்பார். நான் கேட்ட ஒன்றையும் அவர் செய்யாமல் விட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் தோன்றியது. ஆனால் அன்றைக்கு விடிய ஐந்தரையிலிருந்து நின்ற கால் வலித்தது, பஸ்ஸுக்கு ஆறு நிமிசம்தான் இருந்தது, நான் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.